கவுளியாரும் காம்பாரும்

அத்தியாயம் பதினான்கு

மாலை நாலரைக்கு நிச்சயதாம்பூலம். காலை பத்தேகால் ஆகியும் தாய்மாமன் வந்து சேரவில்லை.

முருகேஸ்வரி ஆத்தூர் மண்டப வாசலில் நின்று மூன்றாவது முறையாகப் போன் போட்டாள். மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. குலசை என்கிற குலசேகரன்பட்டினத்தில் அண்ணன் வீரபாகு போனைப் பார்த்துக்கொண்டே எடுக்காமல் உட்கார்ந்திருப்பார் என்று அவளுக்குத் தெரியும்.

"எடுக்கலியா?" வாழை கட்டுகிறவர்களை மேற்பார்த்தபடியே கேட்டார் கணவர் சுந்தரராஜ். "எடுக்க மாட்டாரு. மானஸ்தரு."

"மெதுவாப் பேசுங்க."

"நம்ம புதுச் சம்பந்தி மாடக்கண்ணு அண்ணாச்சி இப்பத்தான் தூத்துக்குடியில இருந்து பேசினாரு. மொதக் கேள்வியே, தாய்மாமன் வந்தாச்சான்னுதான். வந்துக்கிட்டு இருக்காருன்னுட்டேன். மாப்பிள்ளை வீட்டுல அதெல்லாம் பாப்பாவ. தாய்மாமன் இல்லாத சபையில தட்டு மாத்த மாட்டாவ. பொண்ணு வீட்டுல ஏதோ வில்லங்கம்னு எந்திரிச்சுப் போயிருவாவ."

"அப்ப நீங்க ஒரு போன் போடலாம்லா?"

"நானா? ஒம் மவ கதையில நான் யாருன்னு தெரியும்லா? ஊரையே போருக்கு அனுப்பிட்டு ஊஞ்சல்ல ஆடுதவன். உங்க அண்ணனுக்காவது அதுல நல்ல பேரு. எனக்கு அதுவும் இல்ல."

இந்தப் பிணக்கு முழுவதும், இல்லாத ஒரு நாட்டால் வந்தது. இன்றைக்கு நிச்சயமாகும் இளைய மகள் ரம்யா இரண்டு வருடமாகப் போனில் படிக்கும் செயலி ஒன்றில் வாராவாரம் எழுதும் கதை, 'கொடிநாடு'. கற்பனை தேசம், கற்பனைப் போர். மூன்று லட்சம் பேர் படிக்கிறார்கள் என்றபோது வீட்டில் எல்லாருக்கும் பெருமைதான். பத்து நாளைக்கு முன்பு வீரபாகுவின் மகள் பேச்சிச்செல்வி, "ரம்யா மைனி என்னமா எழுதுதா கேளுங்கப்பா" என்று பதினேழாம் பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார். அன்றிலிருந்து தங்கை வீட்டுப் போனை எடுப்பதில்லை.

முருகேஸ்வரி அந்தக் கதையை இதுவரை படித்ததில்லை. வெற்றிலை மண்டிக்காரர் பெண்டாட்டிக்கு ராஜா கதை எதற்கு என்று விட்டுவிட்டாள்.

"நான் குலசைக்குப் போயிட்டு வாரேன்" என்றாள்.

"பொண்ணோட அம்மை நிச்சயத்தன்னைக்குப் பஸ் ஏறுவாளா?"

"காரு பூ வாங்கப் போயிருக்கு. வேற என்ன வழி?"

செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டாள்.

*

முகூர்த்த நாள். திருச்செந்தூர் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. ஆறுமுகநேரியில் ஒரு கூட்டம் இறங்கியபோதுதான் ஜன்னலோரம் கிடைத்தது. வெளியே உப்பளங்களில் வெயில் கண்ணைக் குத்தியது. போனை முந்தானைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு மகளின் கதையைத் திறந்தாள்.

*கொடிநாட்டில் மனிதரை இலையால் அளந்தார்கள்* என்று தொடங்கியது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நூறு வெற்றிலை அடுக்கிய கட்டுக்கு மண்டியில் கவுளி என்று பெயர். ரம்யா அந்த ஒரு சொல்லை எடுத்து ஒரு ராஜாங்கமே கட்டியிருந்தாள்.

சபை கூடும்போது மன்னர் கையால் நூறு இலை வாங்கும் வீட்டார் கவுளியார். ஆற்று முகத்துவாரமும் துறைமுகமும் அவர்களுடையவை. ஐம்பது வாங்குகிறவர்கள் அரைக்கவுளியார். போருக்கு ஆள் திரட்டிக் கொடுப்பது அவர்கள் பொறுப்பு. பத்திலையார் ஓலை எழுதுவார்கள், களஞ்சியம் காப்பார்கள். ஓரிலையார் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நிற்கலாம். கிடைத்த ஒற்றை இலையை அங்கேயே மெல்லக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைக்க வேண்டும். இத்தனை பேருக்கும் இலை அடுக்கி, காம்பு கிள்ளிக் கொடுப்பவர்கள் காம்பார். அவர்களுக்கு இலை கிடையாது. கிள்ளிய காம்பை எடுத்துக்கொள்ளலாம்.

அக்கரையில் உப்புநாடு. பத்தொன்பது வருடமாகப் போர். எரிந்த வெற்றிலைக் கொடிக்கால்கள், ஆளில்லாத தெருக்கள், எந்தப் பக்கம் ஜெயிக்கிறது என்று கேட்பதையே மறந்துபோன சனங்கள். எந்த வீட்டில் ஒருவன் போரில் விழுந்தாலும் அந்த வீட்டுக்கு ஓர் இலை கூடும் என்பது சட்டம். ஒன்பது பிள்ளைகளைக் கொடுத்து ஓரிலையாரில் இருந்து பத்திலையார் ஆன தாய் ஒருத்தி, பட்டுடுத்திச் சபைக்கு வந்து, இலையை வாங்கத் தெரியாமல் நிற்கிறாள். காம்பார் விழுந்தால் மட்டும் எதுவும் கூடாது. இலையே இல்லாத வீட்டில் எதன்மேல் இலையை வைப்பது என்று கேட்கிறார் தலைமை எழுத்தர்.

சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. இந்தப் பிள்ளை இதையெல்லாம் எங்கே இருந்து பார்த்தது?

காயல்பட்டினத்தில் ஒரு குறுக்குத் தெருவில் இருந்து பைக் ஒன்று பாய, டிரைவர் பிரேக்கை மிதித்தார். பக்கத்தில் இருந்தவள் முருகேஸ்வரியின் தோளைப் பிடித்துக்கொண்டு, "போனைக் கீழ போட்டுராதீய அக்கா" என்றாள். நடுப் பகுதிகளைத் தள்ளிவிட்டு முருகேஸ்வரி அப்போது பதினேழாம் பகுதிக்கு வந்திருந்தாள்.

மாசாணன் என்ற காம்பார். கவுளியார் வீட்டில் பதினெட்டு வருடம் இலை அடுக்கியவன். கவுளியாரின் மூத்த மகளைத் தோளில் தூக்கி வளர்த்தவன். அவளுக்கு மணம் பேசும் நாளில், வளர்த்த தோளுக்கு முதல் இலை என்பது நாட்டு வழக்கம். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். மாசாணன் சபை நடுவே வந்து கையை நீட்டுகிறான். கவுளியாரின் கண் அந்த நேரம் கப்பற்படைத் தலைவர் மேல் இருக்கிறது. இலை அங்கே போகிறது.

*நீட்டிய கை நடுவில் நின்றது. பிறகு, துண்டைச் சரிசெய்ய வந்த கைபோல அது தோளுக்குப் போனது. துண்டு சரியாகத்தான் இருந்தது.*

முருகேஸ்வரி போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

ஆறு வருடத்துக்கு முன், இதே ஆத்தூர் மண்டபம். மூத்த மகளின் நிச்சயதார்த்தம். தாய்மாமனுக்குப் போக வேண்டிய முதல் தாம்பூலம், கப்பல் கம்பெனிச் சம்பந்தியின் கைக்குப் போனது. சுந்தரராஜ் வேண்டுமென்று செய்யவில்லை. அவர் கண்ணில் அன்றைக்குச் சம்பந்தியைத் தவிர யாரும் இல்லை, அவ்வளவுதான். அதன்பின் அண்ணன், மூட்டுவலி என்று சொல்லிச் சுந்தரராஜின் மண்டி வேலையை விட்டார். குலசையில் கடை வைத்தார்.

மறுபடி போனைத் திருப்பினாள். அடுத்த வரி இருந்தது.

*சபையில் முந்நூறு பேர். கவுளியாரின் மனைவி ஒருத்திதான் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, விளக்குத் திரியைத் தூண்ட உள்ளே போனாள்.*

அந்த ஒரு வரிதான். அவளைப் பற்றி மேலே ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு படையெடுப்பு வந்துவிட்டது.

*

வீரபாகுவின் கடையில் ராஜாவும் பிச்சைக்காரனும் ஒரே ஆணியில் தொங்குவார்கள். தசராவுக்கு நேர்ந்துகொண்டவர்கள் வேஷம் கட்டி, வீடு வீடாகக் காணிக்கை கேட்டு அம்மனுக்குச் சேர்ப்பது குலசை வழக்கம். தகரக் கிரீடம், சடைமுடி, மரவாள், திருவோடு எல்லாம் அவர் கடையில் கிடைக்கும்.

அவள் போனபோது ஒரு லாரி டிரைவர் கண்ணாடி முன்னால் கிரீடத்தோடு நின்றுகொண்டிருந்தான். தங்கப்பாண்டி என்று பெயர். துறைமுகத்துக்குச் சரக்கு அடிக்கிறவன்.

"அண்ணாச்சி, காதுல குத்துதே இது."

"ராஜான்னா குத்தத்தாம்ல செய்யும். பிச்சைக்காரன் வேசம் எடு. ஒண்ணும் குத்தாது."

"போன வருசம் அதான போட்டேன். பாக்கவன்லாம், ஒனக்கு வேசமே தேவையில்லியேங்கான்."

வீரபாகு தங்கையைப் பார்த்தார். ஆச்சரியம் காட்டவில்லை. ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"நிச்சயத்தன்னைக்கு இங்கன என்ன செய்யுத?"

"நீ அங்கன இல்லியேண்ணே."

"கடை இருக்குலா. தசராவுக்கு ஒரு மாசங்கூட இல்ல. ஆளு வந்தமானிக்கு இருக்கு."

தங்கப்பாண்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "நான் வெளிய நிக்கேன் அண்ணாச்சி."

"கிரீடத்தைக் கழத்தி வச்சுட்டு நில்லு. எவனாவது கும்பிட்டுறப் போறான்."

அவன் போனபின் அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பன்னிரண்டரை. ஆத்தூரில் சமையற்காரர் பாயசத்தை இறக்கியிருப்பார்.

"காம்பாருன்னு எழுதிட்டாளேன்னு கோவமாண்ணே?"

"அதுக்கு என்னத்துக்குக் கோவம்? பதினெட்டு வருசம் ஒங்க மண்டியில காம்பு கிள்ளத்தான செஞ்சேன்." அவர் கிரீடத்தை எடுத்துத் துடைத்து ஆணியில் மாட்டினார். "இந்தா, தகரம். எவன் தலையில வச்சாலும் ராஜாதான், பத்து நாளைக்கு. பொறவு அவன் லாரி ஓட்டப் போயிருவான். இத வித்துப் பொழைக்கவன் பட்டத்துக்கு எல்லாம் கோவிச்சுக்கிட முடியுமா?"

"பின்ன ஏன் போன எடுக்கல?"

அவர் ஒரு சடைமுடியின் சிக்கை விரலால் பிரித்தார்.

"அன்னைக்குக் கைய நீட்டுனேன்லா. சுந்தரராஜ் மாப்ள கவனிக்கல. சரி, போட்டும். யாரும் பாக்கலன்னு நெனச்சுக்கிட்டேன். யாரும் பாக்கலன்னா அது நடக்கலன்னுதான. மூட்டுவலின்னேன், எல்லாரும் நம்புனிய. ஆறு வருசம் நல்லாத்தான் போச்சு."

"அண்ணே..."

"ரம்யா பாத்திருக்கா. சின்னப்புள்ள, பாத்துட்டுப் போட்டும். ஆனா நீயும் பாத்தேன்னு எழுதியிருக்காளே முருகேசு." அவர் இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். "அது கதையா, நெசமா? அத மட்டும் சொல்லு."

'கதைண்ணே' என்று ஒரு சொல் போதும். அவருக்கு அந்தச் சொல்தான் வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. சொன்னால் உடனே சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். சாயங்காலம் சபை நிறையும். மகளுக்குத் தட்டு மாறும். யாருக்கும் நட்டமில்லை.

"நெசந்தான்" என்றாள். "பாத்தேன். பாத்துட்டு, பாலு பொங்குதான்னு பாக்க உள்ள போனேன். பாலு ஒண்ணும் பொங்கல."

வீரபாகு சடைமுடியைக் கீழே வைத்தார்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே ஏளா. மாப்ளகிட்ட இல்ல, என்கிட்ட. ராத்திரி வீட்டுக்குப் போம்போது, நான் பாத்தேண்ணேன்னு ஒரு வார்த்த."

"சொன்னா நீ அழுதிருவேன்னு பயந்தேன்."

"அழுதிருப்பேன். அதோட முடிஞ்சிருக்கும்."

வெளியே தங்கப்பாண்டி யாரிடமோ போனில், "ரயில்வே கேட்டத் தாண்டி வண்டிய விடாத, போலீசு நிக்கான்" என்று கத்திக்கொண்டிருந்தான்.

"ஒண்ணே காலுக்கு ஒரு பஸ்சு இருக்கு" என்றார் வீரபாகு. "விட்டா திருச்செந்தூர்ல நெரிசலாயிரும். கெளம்பு."

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கேட்கும் உரிமை தனக்கு இருப்பதாக அவளுக்கும் தோன்றவில்லை. படி இறங்கும்போது, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். "சாப்பிட்டேன்" என்றாள். அன்றைக்கு அவரிடம் சொன்ன ஒரே பொய் அது.

*

மூன்றே முக்காலுக்கு மண்டபத்தில் நுழைந்தபோது மாப்பிள்ளை வீட்டார் வேன் இரண்டும் வந்து நின்றிருந்தன. சுந்தரராஜ் கண்ணாலேயே கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். எதற்கு ஆட்டினாள் என்று அவருக்கும் புரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

மணப்பெண் அறையில் ரம்யா பூவோடு உட்கார்ந்திருந்தாள். அலங்காரம் செய்கிற பெண்ணை வெளியே அனுப்பிவிட்டு எழுந்து வந்தாள்.

"மாமா வாராவளா?"

"தெரியல."

"நான் அத அழிச்சிருதேம்மா. கதை முழுசையும் எடுத்துருதேன். இப்பவே."

"அழிச்சா? படிச்சவிய மறந்துருவாவளா? மொதல்ல மாமா மறந்துருவாவளா?" முருகேஸ்வரி கட்டிலில் உட்கார்ந்தாள். கால் வலித்தது. "ஒண்ணு கேக்கேன். எல்லாரையும் பக்கம் பக்கமா எழுதியிருக்க. என்னைய மட்டும் ஏம்ளா ஒரு வரியோட விட்டுட்ட?"

ரம்யா கண்ணாடி வளையலை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு மேல எழுத வரலம்மா. அவ உள்ள போன பொறவு என்ன செஞ்சான்னு எனக்குத் தெரியாதுலா."

"ஒண்ணும் செய்யல" என்றாள் முருகேஸ்வரி. "அடுப்பு முன்னால நின்னுக்கிட்டு இருந்தா."

நாலு இருபதுக்கு வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. வாழை இலையை உரசிக்கொண்டு நின்ற அந்த வண்டியில் இருந்து, வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக வீரபாகு இறங்கினார். டிரைவர் இருக்கையில் தங்கப்பாண்டி. "திரும்பி வரும்போது ஏத்திக்கிடுதேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத் துறைமுகத்தைப் பார்த்துப் போனான்.

முன்வரிசையில் தாய்மாமனுக்கென்று போட்டிருந்த நாற்காலியைத் தாண்டி அவர் நடந்தார். கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தார்.

*

எல்லாரும் கூடிவிட்டார்கள். முன்னால் மாடக்கண்ணு, பக்கத்தில் மாப்பிள்ளை சிவப்பிரகாஷ், அவர்களுக்குப் பின்னால் துறைமுகத்து மனிதர்கள். இந்தப் பக்கம் சுந்தரராஜின் மண்டிக்காரர்கள், கொடிக்கால்காரர்கள். யாரை எந்த வரிசையில் உட்கார வைத்திருக்கிறது என்று முருகேஸ்வரி முதல்தடவையாகக் கவனித்துப் பார்த்தாள். எந்த ஓலையிலும் எழுதாமலே எல்லாரும் அவரவர் இடத்தில் சரியாக இருந்தார்கள்.

சுந்தரராஜ் வெற்றிலைத் தட்டை எடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தாய்மாமன் வீரபாகு அத்தான் சபைக்கு வரணும்."

குரலில் மரியாதை இருந்தது. தலைகள் திரும்பின. வீரபாகு எழுந்திருக்கவில்லை. முழங்கால் மேல் கைகளை வைத்துக்கொண்டு, கேட்டபடியே உட்கார்ந்திருந்தார். முகத்தில் கோபம் இல்லை. வந்துவிட்டார், தங்கைக்காக வந்துவிட்டார். நடுச்சபைக்கு நடந்துவந்து கையை நீட்ட மட்டும் அவரால் முடியவில்லை.

"அண்ணாச்சி, கூப்பிடுதாவ" என்று பக்கத்தில் இருந்தவர் இடித்தார். அவர் அசையவில்லை.

தட்டுக்கும் கடைசி வரிசைக்கும் நடுவே பதினைந்து எட்டுத் தூரம் இருக்கும். சுந்தரராஜ் அந்தத் தூரத்தைப் பார்த்தார். பிறகு துறைமுகத்து மனிதர்களைப் பார்த்தார். பெண்ணைப் பெற்றவன், தன் மண்டியில் வேலை பார்த்தவனிடம் தட்டைத் தூக்கிக்கொண்டு போவதா என்று அவர் நினைப்பது, பின்னால் நின்ற மனைவிக்கு அவர் பிடரியிலேயே தெரிந்தது.

"நேரம் போவுது அண்ணாச்சி" என்றார் மாடக்கண்ணு, இதமாக. "அவருக்கு முடியல போலுக்கு. என் கையில குடுத்துத் தொடங்குங்க. அவருக்குப் பொறவு கொண்டுபோய்க் குடுத்துருவோம்."

நியாயமான பேச்சு. அவர் கையை நீட்டினார். சுந்தரராஜின் தட்டு அந்தப் பக்கம் திரும்பியது.

ரம்யா மணையில் இருந்து மாமாவைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

முருகேஸ்வரி இரண்டு எட்டு முன்னால் வைத்துக் கணவர் கையில் இருந்து தட்டை வாங்கினாள்.

"என்ன செய்யுத?" என்றார் அவர், உதடு அசையாமல்.

"நீங்க நில்லுங்க."

ஆண்கள் வரிசைக்குள் பெண்ணின் அம்மை முதல் தாம்பூலத்தைத் தூக்கிக்கொண்டு போகிற வழக்கம் அந்தப் பக்கத்தில் இல்லை. மாடக்கண்ணுவின் கை நீட்டியபடியே இருந்தது. அவள் அதைத் தாண்டினாள். நாற்காலிகளுக்கு நடுவே சந்து குறுகல்; சிலர் காலை இழுத்துக்கொண்டார்கள், சிலர் இழுக்கவில்லை. யாரோ, "இதென்ன புதுசா?" என்றார்கள். தட்டில் பாக்கு உருண்டது. தட்டு சாயவில்லை.

வீரபாகுவின் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே" என்றாள். "பாத்துக்கிட்டுத்தான் வாரேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. கை இன்னும் முழங்காலிலேயே இருந்தது.

பின்னால் ஒரு நாற்காலி தரையில் உரசி நகர்ந்தது. பிறகு இன்னொன்று. தொடர்ந்து பல.

வீரபாகு அவள் தோளுக்கு அப்பால் பார்த்தார். "ஏளா, மாப்பிள்ளை வீட்டுக்காரவிய எந்திரிக்காவ."

"எந்திரிக்கட்டும்" என்றாள் முருகேஸ்வரி. "நீ வாங்கு."